வீட்டு பிசியில் டிவி டியூனர்: டெல்டா மாடிகளில் எந்தக் கார்டு தேறும்?

தஞ்சாவூர்

இந்த இழையில் அவரவர் ஊர்ப் பெயரிலேயே எழுதுகிறோம். புதிதாக வருபவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மாடியில் ஆன்டெனா வைத்து இலவச சேனலை பிசியில் பிடிக்க எந்த டியூனர் வாங்கலாம்?" என்பதுதான். டியூனர் என்றால் ஒளிபரப்பு சிக்னலைப் பிடித்து பிசிக்குக் கொடுக்கும் கருவி. பணம் வீணாகிற இடமும் இதுவே என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

யாகி ஆன்டெனாவை நட்டு தூர்தர்ஷன் பார்த்த காலம் போய்விட்டது. தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தி, முக்கியமான சில இடங்களைத் தவிர மற்றதையெல்லாம் 2022 மார்ச்சோடு மூடிவிட்டது. டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் தரைவழி 2016இல் 16 நகரங்களில் வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது சென்னை மட்டும். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஓர் ஊரும் கிடையாது.

ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யு சிப் போட்ட யூஎஸ்பி குச்சியை டிவி பார்க்க வாங்காதீர்கள். அது டிவிபி-டி2வுக்கு முந்தைய தரைவழி முறையான டிவிபி-டி மட்டும்தான். எஃப்எம், விமான சிக்னல் என்று வேறு வேலைக்கு நல்ல கருவி. இங்கே டிவிக்கு ஒன்றும் வராது. ஹாப்பாக் வின்டிவி குவாட்எச்டி அருமையான நாலு டியூனர் கார்டு, ஆனால் டி2வும் கேபிளும் மட்டும். கேபிள் ஒயரைச் செருகினால் லாக் ஆகும் (சிக்னல் பிடிபடும்), சேனல் பெயர்கூட வரும், படம் பூட்டியிருக்கும். பழைய அனலாக் டியூனர் கார்டு பெட்டியில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும்.

நமக்கு மிச்சம் இருப்பது வானத்திலிருந்து வரும் இலவச ஒளிபரப்பு: கேயூ பேண்டில் (சின்ன டிஷ் போதுமான உயர்ந்த அலைவரிசை) 93.5 டிகிரி கிழக்கு ஜிசாட்-15இல் டிடி ஃப்ரீ டிஷ், சி பேண்டில் (பெரிய டிஷ் வேண்டிய தாழ்ந்த அலைவரிசை) அதே இடத்து ஜிசாட்-17, 83இல் ஜிசாட்-30, 66இல் இன்டெல்சாட்-17. அதனால் இந்த இழையில் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2 கார்டுகளை மட்டும் ஒப்பிடுவோம். பூட்டிய சேனலைத் திறக்கிற பேச்சு வேண்டாம்.

கும்பகோணம்

கார்டு விஷயத்தை நான் எழுதுகிறேன். சிப், டிரைவர், எத்தனை டியூனர், எந்த ஸ்லாட் என்று நாலும் பார்த்துத்தான் வாங்கணும். டப்பாவில் போட்டிருக்கும் "எச்டி ரெடி" எழுத்தெல்லாம் கணக்கில் வராது.

டிவிபிஸ்கை எஸ்960: யூஎஸ்பி பெட்டி, ஒரு டியூனர். உள்ளே எம்88டிஎஸ்3103 சிப். டிரைவர் லினக்ஸ் கெர்னலோடேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) வருகிறது. சிப்புக்குள் ஏற்றுகிற ஃபர்ம்வேர் கோப்பு மட்டும் லிப் ஃபர்ம்வேர் அடைவில் இருக்கணும். இல்லையென்றால் டிமெஸெக் என்கிற கெர்னல் செய்திப் பதிவில் "டைரக்ட் ஃபர்ம்வேர் லோடு" தோற்றது, எரர் மைனஸ் 2 என்று வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு கார்டு போச்சு என்று திருப்பி அனுப்புகிறார்கள். கார்டில் பழுதில்லை, கோப்புதான் இல்லை. கோடி என்கிற மீடியா மென்பொருளோடு வரும் லிப்ரெலெக் லினக்ஸைப் போட்டால் ஃபர்ம்வேர் கூடவே வந்துவிடும். சிக்னலை டெசிபெலில் சொல்வது இதன் பெரிய நன்மை.

டிவிபிஸ்கை எஸ்952: அதே சிப் குடும்பம், போர்டு ஸ்லாட்டில் செருகுகிற பிசிஐஇ கார்டு, இரண்டு டியூனர். இதற்கும் டிரைவர் கெர்னலில் உண்டு.

டிஜிட்டல் டிவைசஸ் சினி எஸ்2 வி7: இரண்டு டியூனர், எஸ்டிவி0910 சிப். டிரைவர் கெர்னலில் உண்டு. பலவீனமான சிக்னலிலும் பிடியை விடாது. விலை அதிகம், நம்மூரில் கிடைப்பதும் அரிது.

டிபிஎஸ் 6902, 6903, 6904: முதல் இரண்டிலும் இரண்டு டியூனர், 6904இல் நாலு. வன்பொருள் திடமானது. 6903 தொழில்முறைக் கார்டு. 16ஏபிஎஸ்கே, 32ஏபிஎஸ்கே என்கிற சிக்கலான சிக்னல் முறைகள் வரை வாங்கும். டிரைவர்தான் தலைவலி. கம்பெனியின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்யணும். கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் டியூனர் காணாமல் போகும், திரும்பக் கம்பைல். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால், கையொப்பம் இல்லாத மாட்யூல் என்று கெர்னல் ஏற்காது. பயாஸில் அதை அணைக்கணும், அல்லது மாட்யூலுக்குச் சொந்தமாகக் கையொப்பம் போடணும். டிபிஎஸ் வாங்கினால் கெர்னலை ஹோல்டில் போட்டுவிட்டு, அப்டேட்டை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கைஸ்டார் 2: பழைய பிசிஐ கார்டு, டிவிபி-எஸ் மட்டும். இன்னும் சிலர் விற்கிறார்கள். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2 சேனல்கள் வரும், டிவிபி-எஸ்2வில் போகும் எம்பெக்-4 மக்ஸ் (ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் சேனல் கட்டு) லாக் ஆகாது. இன்றைய போர்டுகளில் பிசிஐ ஸ்லாட்டும் இருக்காது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஃப்ரீ டிஷ் மட்டும் போதும் என்றால் எஸ்960 ஒன்று போதும். சி பேண்டும் சேர்த்து, ஒருவர் பார்க்கும்போது இன்னொன்று பதிவாகணும் என்றால் இரண்டு டியூனருக்குக் குறைந்து வாங்காதீர்கள். இது என் தீர்ப்பு.

பழைய ஆபீஸ் பிசி வாங்கி அதில் கார்டு போடுபவர்கள் கவனிக்க: ஒல்லிக் கேபினெட்டுக்கு லோ புரொஃபைல் தகடு தேவை. கார்டோடு அந்தக் குட்டைத் தகடும் வருகிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

மன்னார்குடி

அண்ணே, "இரண்டு டியூனருக்குக் குறைந்து வாங்காதீர்கள்" என்பதில் சின்னத் திருத்தம். ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரை, அதாவது செயற்கைக்கோளிலிருந்து ஒரு மக்ஸைச் சுமந்து வரும் அலைவரிசையைப் பிடிக்கும். அந்த டிரான்ஸ்பாண்டரில் இருக்கிற எல்லாச் சேனலும் அப்போது கையில் இருக்கும். 29500 சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை ஆயிரம் சிம்பல்), கியூபிஎஸ்கே பண்பேற்றம், 3/4 பிழைத்திருத்த விகிதம் என்றால் டிவிபி-எஸ் கணக்கில் நொடிக்குச் சுமார் 40 மெகாபிட். அதில் எத்தனை சேனல் இருந்தாலும் ஒரே டியூனரில் அத்தனையையும் பதியலாம். ஆகவே வீட்டில் பார்க்கிற சேனல்கள் எந்தெந்த மக்ஸில் இருக்கின்றன என்று முதலில் எழுதிப் பாருங்கள். நாலு சேனலும் ஒரே மக்ஸில் இருந்தால் இரண்டாவது டியூனர் தூங்கும்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. மற்ற செயற்கைக்கோள்களில் ஒவ்வொரு டியூனருக்கும் எல்என்பியிலிருந்து (டிஷ் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) தனி வயர் இழுக்கணும். சிக்னலின் துருவம் வெர்டிகல், ஹாரிசான்டல் என்று இரண்டு வகை. ஃப்ரீ டிஷ் மக்ஸ் எல்லாம் வெர்டிகல், எல்லாம் 11700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. அதாவது எல்லா டியூனரும் கேட்பது ஒரே 13 வோல்ட், 22 கிலோஹெர்ட்ஸ் டோன் கிடையாது. அதனால் ஒரே ஒரு வயரை இறக்கி, பவர் பாஸ் உள்ள சாதாரண சாட்டிலைட் ஸ்பிளிட்டரில் பிரித்தால் இரண்டு டியூனரும் தனித்தனி மக்ஸைப் பிடிக்கும். ஸ்பிளிட்டர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் டிவி ஸ்பிளிட்டர் 1000த்தோடு நின்றுவிடும். ஃப்ரீ டிஷ் 11090 மக்ஸ், எல்என்பி 9750ஐக் கழித்து அனுப்புவதால் வயரில் 1340இல் வருகிறது. அங்கே அந்த ஸ்பிளிட்டர் சிக்னலை விழுங்கிவிடும். எல்லா வாயிலும் பவர் பாஸ், டயோடு வைத்தது என்றால் ரொம்ப நல்லது. ஒரு டியூனர் தப்பித்தவறி 18 வோல்ட் அனுப்பினால் எல்என்பி ஹாரிசான்டலுக்குத் திரும்பி மற்றதும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

டிஷ் திருப்புகிற கணக்கும் இங்கேயே. தஞ்சாவூருக்கு 93.5 பார்க்க, திசை வடக்கிலிருந்து 126 டிகிரி, அதாவது ஏறக்குறைய தென்கிழக்கு. ஏற்றம் 69 டிகிரி. நாகப்பட்டினம் போனால் இரண்டு டிகிரிக்குள்தான் வித்தியாசம். காந்த ஊசிக்கும் நிஜ வடக்குக்கும் டெல்டாவில் இரண்டு டிகிரிக்குள்தான் பிசகு, போன் காம்பஸ் போதும். கம்பத்துப் பக்கம் இரும்பு இருக்கும், நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ்ஷில் தட்டு 69 டிகிரி சாய்ந்து நிற்காது. ஆஃப்செட் கோணம் சுமார் 25 என்றால் தட்டின் முகம் செங்குத்திலிருந்து 44 டிகிரி மட்டும் சாயும். இது தெரியாமல் வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பவர்கள் நிறைய.

எல்என்பியையும் திருப்பணும். நாம் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டே இருப்பதால் கணக்குப்படி 52 டிகிரி வருகிறது. டிஷ் முன்னால் நின்று எல்என்பியைப் பார்த்தால் கடிகார முள் போகிற பக்கம். அங்கே தொடங்கி, டெசிபெல் எண்ணைப் பார்த்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி உச்சத்தில் முறுக்குங்கள். வட இந்திய வீடியோவைப் பார்த்து எல்என்பியை நேராக வைத்தால் நம்மூரில் பாதி சிக்னல் போய்விடும்.

தென்னை பற்றிக் கேட்பவர்களுக்கு: 69 டிகிரி ஏற்றத்தில், டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த மரம் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். ஆனால் மட்டை நாலைந்து மீட்டர் விரியும். ஆகவே தென்கிழக்கில் அடிமரம் 9 மீட்டர் தள்ளி இருந்தால் நிம்மதி. மரம் வெட்ட வேண்டியதில்லை, டிஷ்ஷை மாடியின் இன்னொரு மூலைக்கு மாற்றினால் போதும்.

திருவாரூர்

டியூனரிலிருந்து சேனலைப் பிரித்துக் கொடுக்கவும் பதியவும் உதவும் மென்பொருளான டிவிஹெட்எண்ட் அமைப்பில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். நிறுவும் முறை எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

நெட்வொர்க் உருவாக்கும்போது டிவிபி-எஸ் தேர்ந்தெடுத்து 93.5 கிழக்கு வைக்கலாம். முன்பே இருக்கும் மக்ஸ் பட்டியல் பழசு. ஒரு மக்ஸைக் கையால் சேருங்கள். அலைவரிசை கிலோஹெர்ட்ஸில், சிம்பல் ரேட் நொடிக்கு எத்தனை சிம்பல் என்கிற முழு எண்ணில்: 11090000, 29500000, வெர்டிகல். 11090 என்று மட்டும் போட்டால் எந்தக் காலத்திலும் லாக் ஆகாது. டெலிவரி சிஸ்டம் டிவிபி-எஸ்ஸா எஸ்2வா என்பதையும் மாற்றி மாற்றி முயன்று பாருங்கள். ஒன்று லாக் ஆனால் மற்ற மக்ஸ் பல அதோடு வரும் என்ஐடி (நெட்வொர்க் தகவல்) அட்டவணையிலிருந்து தானாக வரும்.

எல்என்பி வகையில் கேயூவுக்கு யூனிவர்சல், அதாவது 9750/10600. சி பேண்டுக்கு 5150. இரண்டையும் டைசெக் சுவிட்சில் (பல எல்என்பிகளை ஒரே வயரில் மாற்றிக் கொடுப்பது) சேர்த்தால் "4 போர்ட் சுவிட்ச்" என்கிற எளிய அமைப்பு போதாது. அது எல்லா வாயிலும் யூனிவர்சல் என்றே எடுத்துக்கொள்ளும். "அட்வான்ஸ்டு" தேர்ந்தெடுத்து ஒவ்வொரு வாய்க்கும் தனி எல்என்பி வகை கொடுங்கள். சி பேண்டு சேனல் மட்டும் வரவில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இது.

பாதிச் சேனல் வருது, பாதி வரலை என்றால் மக்ஸ் பட்டியலில் துருவம் பாருங்கள். சி பேண்டில் வெர்டிகல் எல்லாம் வந்து ஹாரிசான்டல் எதுவும் வராவிட்டால் 18 வோல்ட் எல்என்பிக்குப் போய்ச் சேரவில்லை. மல்டிமீட்டரை டிஷ் முனையில் வைத்து, எல்என்பி மாட்டிய நிலையில் அளக்கணும். யூஎஸ்பி பெட்டி என்றால் 12 வோல்ட் அடாப்டர் வெயிலில் நொந்து போயிருக்கும். அடுத்த சந்தேகம் வயர். மலிவு ஆர்ஜி-6இல் நடுக்கம்பி இரும்பு, மேலே செம்புப் பூச்சு. முழுச் செம்பை விடச் சுமார் ஐந்து மடங்கு மின்தடை. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. 15 மீட்டருக்குப் பரவாயில்லை, 40 மீட்டருக்கு மேல் முழுச் செம்பு போடுங்கள்.

லாக் இருந்தும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், டிவிஹெட்எண்ட் பதிவில் "கன்டினியூட்டி கவுன்டர்" பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். சிக்னல் டெசிபெல் நன்றாக இருந்தும் பிழை ஏறினால் குற்றம் டிஷ்ஷில் இல்லை. யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகப் போர்டில் செருகுங்கள், யூஎஸ்பி ஆட்டோ சஸ்பெண்டை அணையுங்கள். பிசிஐஇ கார்டு என்றால் பயாஸில் ஏஎஸ்பிஎம் என்கிற மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று டியூனர் இருந்தால் பூட் ஆகும்போது அடாப்டர் எண் மாறிவிடும். சி பேண்டு வயர் மாட்டிய கார்டை மென்பொருள் கேயூ என்று நினைக்கும். மாட்யூலுக்கு "அடாப்டர் என்ஆர்" விருப்பம் கொடுத்து எண்ணைக் கட்டிப்போடுங்கள்.

பதிவுக்கு இடம்: நொடிக்கு 4 மெகாபிட் சேனல் மணிக்கு 1.8 ஜிபி. முழு மக்ஸையே பதிந்தால் மணிக்கு 18 ஜிபி. எஸ்எஸ்டியில் சிஸ்டம், பதிவுக்கு சாதாரண ஹார்ட் டிஸ்க், அது போதும்.

கோடி பக்கம் இரண்டே விஷயம். நம்மூர் ஒளிபரப்பு 25/50 கணக்கு. டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடினால் செய்தி ஓடை தள்ளித் தள்ளி நகரும். கோடியில் திரையின் புதுப்பிப்பு வீதத்தைப் படத்தோடு பொருத்தும் அமைப்பை ஆன் செய்து, டிவி 50 ஹெர்ட்ஸுக்கு மாறுகிறதா பாருங்கள். எஸ்டி சேனலுக்கு டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் படவரிகளைச் சேர்ப்பது) அவசியம். ராஸ்பெர்ரி பை 3 வரைக்கும் எம்பெக்-2வுக்கு தனிச் சாவி வாங்கணும். பை 4இல் அந்த வன்பொருளே இல்லை, ஆனால் எஸ்டி அளவுக்கு அதன் ப்ராசஸர் தாங்கும்.

வேதாரண்யம்

கடற்கரைப் பக்கம் கார்டை விட கனெக்டர்தான் முதலில் சாகும். முறுக்கி மாட்டுகிற எஃப் கனெக்டர் உப்புக் காற்றில் பச்சை பூக்கும். கம்ப்ரெஷன் வகை போட்டு, மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப். எல்என்பிக்குக் கீழே வயரை ஒரு வளையம் தொங்கவிடணும், தண்ணி அங்கேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் அப்படியே.

2018 நவம்பர் 16 கஜா புயல் கரை கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். அதற்கப்புறம் இங்கே டிஷ் நடுகிறவர்கள் கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட் அடித்து நிறுத்துவதில்லை. தளத்தில் நாலு போல்ட், கம்பம் குண்டுநூல் பார்த்து நேர், முடிந்தால் கம்பத்துக்கு இரண்டு தாங்குகால். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்றுவதற்கு முன் கம்பத்திலும் பிடியிலும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் சிக்னல்.

சி பேண்டுக்கு வலை டிஷ் போடுங்கள். 83க்குத் தட்டு சுமார் 77 டிகிரி வானம் பார்க்கிறது, ஏறக்குறைய மல்லாந்த நிலை. தகடு டிஷ் என்றால் ஐப்பசி மழையில் அண்டா மாதிரி தண்ணி நிற்கும். ஏற்கெனவே தகடு இருந்தால் தாழ்ந்த ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போடுங்கள், சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது.

குளவி இன்னொன்று. எல்என்பி வாய் மூடி உடைந்திருந்தால் குளவி மண் வைத்து அடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக டெசிபெல் இறங்கி ஒரு நாள் நின்றுவிடும். மூடி இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுங்கள். அலுமினியத் தாளைக் கட்டாதீர்கள், சிக்னலையும் அடைத்துவிடும்.

மயிலாடுதுறை

சி பேண்டு வைத்திருப்பவர்கள் சமீபத்தில் கேட்கிற பெரிய கேள்வி: எதையும் தொடவில்லை, திடீரென்று எல்லாச் சேனலும் உடைகிறது, கார்டு போய்விட்டதா?

பக்கத்தில் 5ஜி கோபுரம் வந்ததா பாருங்கள். 2022 ஏலத்தில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்குப் போனது. சாட்டிலைட் சேனல்கள் 3700 முதல் 4200 வரை. நம்மிடம் இருக்கும் பழைய எல்என்பி 3400இலிருந்தே வாயைத் திறந்து வைத்திருக்கும். 36000 கிலோமீட்டர் தாண்டி வரும் மெலிந்த சிக்னலுக்குப் பக்கத்தில், அரை கிலோமீட்டர் கோபுரத்தின் இரைச்சல். எல்என்பி பெருக்கி அங்கேயே திணறிவிடும்.

இதில் கார்டை மாற்றிப் பயனில்லை, காரணமும் எளிது. சி பேண்டில் எல்என்பி 5150இலிருந்து அலைவரிசையைக் கழிக்கிறது. 4200 வந்தால் 950, 3700 வந்தால் 1450. 5ஜி 1480 முதல் 1850 வரை வந்து விழுகிறது. டியூனர் வாங்குகிற எல்லைக்குள்ளேயே, நம் சேனலுக்கு ஒட்டி. வயரில் ஃபில்டர் போட்டாலும் பயனில்லை, கெட்டது எல்என்பிக்குள் நடந்து முடிந்துவிட்டது. 3700–4200 மட்டும் விடுகிற 5ஜி ஃபில்டர் உள்ள எல்என்பி வாங்கணும். ஃபீடும் எல்என்பியும் தனித்தனியாகக் கழலும் அமைப்பு என்றால் இரண்டுக்கும் நடுவில் வேவ்கைடு ஃபில்டர் வைக்கலாம்.

இது 5ஜிதானா வயர் கோளாறா என்று பிரிப்பது எப்படி? வயரில் தண்ணி இறங்கினால் உயர்ந்த ஐஎஃப் (எல்என்பி கழித்து வயரில் அனுப்பும் அலைவரிசை) முதலில் சாகும். சி பேண்டில் அது 3700 பக்கத்துச் சேனல். 5ஜியும் அதே பக்கத்தைத்தான் முதலில் தின்னும். ஆக அறிகுறியைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. லேப்டாப்பையும் யூஎஸ்பி டியூனரையும் மாடிக்குத் தூக்கிப்போய் இரண்டு மீட்டர் புது வயரில் நேராக மாட்டுங்கள். சரியானால் வயர். சரியாகாமல், டெசிபெல் எண் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடினால் 5ஜி.

யூஎஸ்பி டியூனர் ஒன்று கையில் இருக்கணும் என்று நான் சொல்வது இதற்காகவே. பிசிஐஇ கார்டை மாடிக்குக் கொண்டுபோக முடியாது.

கும்பகோணம்

மயிலாடுதுறை சார் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அளப்பதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று. லேப்டாப் இல்லாவிட்டால் ஒரு சேனலை ஓடவிட்டு, போனில் டிவிஹெட்எண்ட் பக்கத்தைத் திறந்து ஸ்டேட்டஸ் பகுதியில் எஸ்என்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு என்ற டெசிபெல் எண்) பார்த்தபடியே டிஷ் திருப்பலாம். எண் மாற மூணு நாலு நொடி ஆகும். கொஞ்சம் திருப்பு, கையை எடு, ஐந்து எண்ணு, பிறகு பார். வேகமாகத் திருப்பினால் உச்சத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

எத்தனை டெசிபெல் இருந்தால் போதும் என்றும் கேட்கிறார்கள். டிவிபி-எஸ்2 தரக்குறிப்பில் உள்ள விளிம்பு: கியூபிஎஸ்கே 3/4க்கு 4.0, 8பிஎஸ்கே 2/3க்கு 6.6, 8பிஎஸ்கே 3/4க்கு 7.9. அது படம் வருகிற கடைசிப் படி. கேயூவில் வடகிழக்குப் பருவமழையைத் தாண்ட அதற்கு மேல் 5 டெசிபெலாவது தெளிவான வானத்தில் கையிருப்பு வேண்டும் என்பது என் அளவு. 60 சென்டிமீட்டரிலிருந்து 90க்குப் போனால் 3.5 டெசிபெல் கூடும். கார்டை மாற்றுகிற காசுக்கு டிஷ்ஷை மாற்றுவது லாபம். ஆனால் 90இன் பார்வை குறுகியது, சுமார் 2 டிகிரிதான். கம்பம் நேராக இல்லாவிட்டால் காற்றிலேயே சேனல் போகும்.

தஞ்சாவூர்

ஒன்று விட்டுப்போனது: இடி. மாடி டிஷ்ஷிலிருந்து வரும் வயர் நேராகக் கார்டு வழியாகப் போர்டுக்குள் போகிறது. டிஷ் கம்பத்தை எர்த் செய்து, வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் பிளாக் வைத்து அதே எர்த்தோடு சேருங்கள். சித்திரை, வைகாசி கோடை இடிக்கு வயரைக் கழற்றி வைப்பதே உத்தமம்.

கழற்ற மறப்பவர்களுக்கு இன்னொரு வழி, பிசியில் கார்டே வைக்காமல் செயற்கைக்கோள் சிக்னலை வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் சாட்-ஐபி முறையில் போவது. மாடிப்படி அறையில் சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் யூஎஸ்பி டியூனர், மினிசாட்ஐபி மென்பொருள். அங்கிருந்து ஹாலுக்கு நெட்வொர்க் வயர். நடுவில் ஒரு ஜோடி ஃபைபர் கன்வெர்ட்டர் வைத்தால் செம்பு இணைப்பே அறுந்துவிடும், இடி இறங்கினாலும் ஹால் பிசிக்கு அந்த வழியாக வராது. முழு மக்ஸ் 40 மெகாபிட் என்பதால் ஜிகாபிட்டில் தாராளம். வைஃபையில் மட்டும் அனுப்பாதீர்கள்.

யூபிஎஸ்ஸில் பிசியை மட்டும் மாட்டிவிட்டு டியூனர் அடாப்டரைச் சுவர் பிளக்கில் விட்டால், கரண்ட் போன நொடியில் பதிவு நின்றுவிடும். எர்த்தும் யூபிஎஸ்ஸும் மாட்டும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மன்னார்குடி

ஒருவர் தனியாகக் கேட்டது, எல்லோருக்கும் பயன்படும்: செப்டம்பர் கடைசியில் நாலைந்து நாள், காலை பதினொரு மணி வாக்கில் ஃப்ரீ டிஷ் மட்டும் சில நிமிஷம் போய்த் திரும்பி வருகிறது, மழையும் இல்லை. அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, டிஷ் சூரியனின் இரைச்சலை வாங்குகிறது. டெல்டாவிலிருந்து 93.5க்குக் கணக்குப் போட்டால் செப்டம்பர் 27, 28 ஒட்டி 10.57 வாக்கிலும், மார்ச் 15, 16 ஒட்டி 11.15 வாக்கிலும் உச்சம். எல்என்பி நிழல் தட்டின் நடுவில் விழுகிறதா என்று அந்த நேரத்தில் எல்என்பி தட்டுக்கு நேர் நடுவில் நிற்கும் பிரைம் ஃபோகஸ் டிஷ்ஷில் பாருங்கள். நடுவில் விழுந்தால் டிஷ் சரியாகக் குறிவைத்திருக்கிறது. ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பணும் என்பது மீட்டர் இல்லாமலே தெரிந்துவிடும்.